கால்சியம் பாட்டிலை மூடி வையுங்கள்

கேள்வி: எங்கள் ஜம்புவுக்கு நாலு மாதம். கிரேட் டேன், ஆண், 22 கிலோ. போன வாரம் வரை பெங்களூர் மர்ஃபி டவுன் தெருவையே அதிர வைத்தவன், ஐந்து நாளாக எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். முன்னங்கால் இரண்டிலும் மணிக்கட்டுப் பக்கம் வீக்கம். தொட்டால் கத்துகிறான். காய்ச்சல் 104.8. முதலில் பார்த்த டாக்டர் கால்சியம் குறைவு என்று ஊசி போட்டு, சிரப்பும் கொடுத்தார். குட்டியை விற்றவர் வைட்டமின் சி கொடுங்கள் என்கிறார். மாமியார் மஞ்சள் பத்துப் போடலாம் என்கிறார். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு எச்.ஓ.டி. என்று ஒரு பெயர் சொன்னார். பிழைப்பானா? கஷ்டப்படுத்தாமல் ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்கிற அளவுக்கு வீட்டில் பேச்சு வந்துவிட்டது.

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை மனசில் வைத்துக்கொண்டு மற்றதை நீங்கள் படிக்க முடியாது. இந்த நோய் வந்த குட்டிகளில் பெரும்பாலானவை பிழைத்து, வளர்ந்து, உங்கள் சோபாவை நாசம் செய்யும் வயதுக்கு வந்துவிடுகின்றன. ஜம்பு இப்போது கிடக்கிற கிடையைப் பார்த்தால் நம்பத் தோன்றாது. வலியின் உச்சத்தில் இருக்கிற நாய், சாகப்போகிற நாய் மாதிரியேதான் தெரியும். கண் பாதி மூடியிருக்கும், தலையைத் தூக்காது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் வால் நுனி மட்டும் ஒரு தடவை தரையைத் தட்டும். அதே நாய், சரியான வலி மருந்து உள்ளே போன இரண்டாம் நாள் தட்டைத் தேடி எழுந்து வருவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, பதினாறு வருடமாகப் பெங்களூரில் நாய், பூனை பார்க்கிறவள் நான். மிகக் கடுமையாக வந்து, நுரையீரல் வரை கெட்டுப்போய், கைவிட்டுப் போன குட்டிகளும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஐந்தாம் நாளில், வலிக்கு இன்னும் ஒழுங்காக மருந்தே கொடுக்காத நிலையில், அந்த ஊசியைப் பற்றிப் பேசுவது ரொம்பச் சீக்கிரம்.

எச்.ஓ.டி. என்பது ஹைப்பர்ட்ரோஃபிக் ஆஸ்டியோடிஸ்ட்ரோஃபி என்பதன் சுருக்கம். தமிழில் புழங்குகிற பேர் எதுவும் இதற்கு இல்லை. வளரும் எலும்பின் முனையில் வரும் அழற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு கட்டிட வேலை கண்ணில் படும், அதை வைத்தே சொல்கிறேன். தளம் போடுவதற்கு முன் சென்ட்ரிங் அடிப்பார்கள், அப்புறம் கான்கிரீட் கொட்டுவார்கள். குட்டியின் எலும்பு நீளுவதும் ஏறக்குறைய அப்படித்தான். எலும்பின் முனையருகே வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்பு அடுக்கு இருக்கிறது. அது தினமும் புதுக் குருத்தெலும்பைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அது சென்ட்ரிங். பின்னாலேயே சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் வந்து, அதை எடுத்துவிட்டு அசல் எலும்பைக் கட்டும், அது கான்கிரீட். இந்த நோயில் தட்டை ஒட்டிய இடத்தில் ரத்த ஓட்டம் கெட்டு, வெள்ளையணுக்கள் வந்து குவிந்து, கான்கிரீட் விழ வேண்டிய இடம் வெற்றாக நின்றுவிடுகிறது. அதன் மேல் 22 கிலோ நிற்கிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத முறிவுகள் விழுகின்றன. ஜம்பு எழுந்திருக்க மறுப்பது பிடிவாதம் இல்லை, ஒவ்வொரு அடியும் உடைந்த எலும்பின் மேல் வைக்கிற அடி.

பெரும்பாலும் வேகமாக வளருகிற பெரிய இனங்களுக்குத்தான் இது வரும். கிரேட் டேன் பிறக்கும்போது அரைக் கிலோவைச் சுற்றி இருக்கும், ஒரு வருடத்தில் ஐம்பது கிலோவுக்குப் பக்கம் போய்விடும். பாக்ஸர், ஜெர்மன் ஷெப்பர்ட், லேப்ரடார், வைமரானர், ஐரிஷ் செட்டர் இவற்றிலும் பார்க்கிறோம். வயது இரண்டு மாதத்திலிருந்து எட்டு மாதம் வரை, அதிலும் மூன்று நாலு மாதத்தில் அதிகம். இதுதான் காரணம் என்று ஒற்றை விரல் நீட்டிக் காட்டுகிற அளவுக்கு விஞ்ஞானம் இன்னும் வரவில்லை. வைமரானரில் பரம்பரையாக வருவதற்குச் சான்று இருக்கிறது. நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர் நோயின் வைரஸ் தடயம் சில குட்டிகளின் எலும்பில் கிடைத்திருக்கிறது. ஜம்புவோடு பிறந்தவை எங்கே போயின என்று விற்றவருக்குத் தெரிந்தால் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். ஒரே ஈற்றில் இரண்டு மூன்றுக்கு வருவது உண்டு.

உங்கள் இரண்டாவது டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு கையால் ஜம்புவின் நெற்றியைத் தடவிக்கொண்டே, இன்னொரு கையின் புறங்கையைத் தோளிலிருந்து கீழே மெதுவாக இறக்குங்கள். அழுத்த வேண்டாம். முழங்கை தாண்டும் வரை ஒரே சூடுதான். மணிக்கட்டுக்கு இரண்டு விரல்கடை மேலே வந்ததும் மாறும், காபி ஊற்றிக் கொஞ்ச நேரம் ஆன டம்ளரைத் தொட்ட மாதிரி. அங்கேதான் அவன் மூச்சு நிற்கும், அல்லது தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்ப்பான். வீக்கம் மூட்டில் இல்லை, மூட்டுக்கு மேலே. இரண்டு காலிலும் ஒரே இடத்தில். மூட்டே வீங்கி, ஒரு காலில் மட்டும் என்றால் நான் கிருமித் தொற்றைத் தேடுவேன். எலும்பின் நடுத்தண்டை அழுத்தும்போது கத்தி, இன்றைக்கு ஒரு கால் நாளைக்கு வேறு கால் என்று நொண்டினால் அது பானோஸ்டைடிஸ் என்ற வேறொரு எலும்பு அழற்சி. அது பெரும்பாலும் ஐந்து மாதத்துக்கு மேல் வரும், இவ்வளவு முடக்காது.

எக்ஸ்ரேயை நீங்களும் கேட்டு வாங்கிப் பாருங்கள். சாதாரணக் குட்டியில் வளர்ச்சித் தட்டு ஒற்றைக் கறுப்புக் கோடாகத் தெரியும். எச்.ஓ.டி.யில் அதற்கு இணையாக, எலும்புத் தண்டின் பக்கம், ஓரம் பிய்ந்த மாதிரி இரண்டாவதாக ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அந்த இரட்டைக் கோடுதான் இந்த நோயின் கையெழுத்து. ஆரம்ப நாட்களில் எடுத்த படத்தில் அது தெரியாமல் போவது சகஜம். நாலைந்து நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டிவரும். பிறகு எலும்பைச் சுற்றிக் காலர் மாதிரி புது எலும்பு படரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உடம்பு தானே போடுகிற முட்டு அது.

இங்கே என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெங்களூரில் காய்ச்சலோடு, சாப்பிடாமல், சோர்ந்து ஒரு நாய் வந்தால் எங்களில் பாதிப் பேருக்கு முதலில் தோன்றுவது உண்ணிக் காய்ச்சல். உண்ணி பரப்பும் கிருமிகளான எர்லிக்கியா, பேபீசியா இரண்டும் இங்கே அவ்வளவு அதிகம். தனியாகத் தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு பாக்ஸர் குட்டி வந்தது. காதுக்குள் இரண்டு உண்ணி. அதைப் பார்த்ததும் மனசு முடிவு கட்டிவிட்டது. உண்ணிக் காய்ச்சலுக்கான டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தேன். ஐந்து நாள் அது வலியில் கிடந்தது, ஆறாம் நாள்தான் காலைத் தொட்டுப் பார்த்தேன். காலைத் தொடாமலே ஐந்து நாள் வைத்தியம் பார்த்திருக்கிறேன்! அதிலிருந்து உண்ணி இருந்தாலும் சரி, நொண்டினாலும் சரி, ரத்தப் பூச்சும் (ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) பிளேட்லெட் எண்ணிக்கையும் ஒரு பக்கம், எக்ஸ்ரே ஒரு பக்கம் என்று இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன். ஜம்புவுக்கு ரத்தப் பரிசோதனை ஆகவில்லை என்றால் நாளைக்கே செய்யச் சொல்லுங்கள். காரணம் ஸ்டீராய்டு பற்றிச் சொல்லும்போது புரியும்.

இப்போது கால்சியம். நொண்டுகிற குட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனால் போதும், தமிழரோ கன்னடரோ யாராவது ஒருவர் நிறுத்தி, “கால்சியம் கொட்ரெ சரி ஹோகுத்தெ” என்பார். கொடுத்தால் சரியாகிவிடுமாம். எலும்பு என்றால் கால்சியம், கால்சியம் என்றால் பலம் என்று நம் தலையில் ஏறிக் கிடக்கிறது. வளர்ந்த நாயின் குடல் புத்திசாலி. கால்சியம் அதிகமாக வந்தால் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கதவை மூடத் தெரியாது. ஊற்றுவதில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளையே வைத்து இதை ஆராய்ந்தார்கள். கால்சியம் அதிகம் தின்ற குட்டிகளில் குருத்தெலும்பு எலும்பாக மாறுவது தடைப்பட்டது, கால்கள் கோணின. அதற்கும் முன்னால், 1974-இல் வெளிவந்த கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில், இஷ்டத்துக்குத் தின்ன விட்ட கிரேட் டேன் குட்டிகளுக்கு, அளவாகத் தின்றவற்றைவிட எலும்புக் கோளாறு அதிகம் வந்தது. ஏற்கெனவே கான்கிரீட் வேலை நின்றுபோன இடத்தில் லாரி லாரியாக சிமெண்ட் இறக்கி என்ன ஆகப்போகிறது? பாட்டிலை மூடி வையுங்கள். முட்டை ஓட்டுத் தூளும் வேண்டாம், எலும்புப் பொடியும் வேண்டாம்.

முதல் டாக்டரைத் திட்டவும் வேண்டாம். நிஜமான கால்சியம் குறைவும் நம் ஊரில் நிறையப் பார்க்கிறோம். வெறும் கோழிக்கறியும் சோறும் மட்டுமே தின்று வளர்ந்த குட்டிகளுக்கு அது வரும். ரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்ட உடம்பு எலும்பிலிருந்து உருவிக்கொண்டே இருக்கும். அதனால் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே காட்டும், எக்ஸ்ரேயில் எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிந்து கிடக்கும். அந்தக் குட்டிகளுக்கு 104, 105 என்று காய்ச்சல் கொதிக்காது. ஜம்பு முதல் நாளிலிருந்தே பாக்கெட் உணவு தின்கிறவன் என்றால் அவனுக்குக் குறைவு வர வழியே இல்லை.

வைட்டமின் சி கதைக்கு ஒரு பழைய வேர் உண்டு. வைட்டமின் சி குறைவால் குழந்தைகளுக்கு வரும் ஸ்கர்வியை 1883-இல் தாமஸ் பார்லோ என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்தார். அதன் எலும்புப் படமும் இதன் எலும்புப் படமும் ஒத்துப்போனதால், நாய்க்கும் வைட்டமின் சி பற்றாக்குறைதான் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். நாய் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் ஈரலிலேயே செய்துகொள்ளும். கொடுத்துப் பார்த்தும் பலன் நிரூபணம் ஆகவில்லை. விட்டுவிடுங்கள்.

ஆக, மருந்து என்று இருப்பது வலிக்கும் அழற்சிக்கும்தான். நாய்க்கென்று வரும் மெலாக்சிகாம் அல்லது கார்ப்ரோஃபென் வழக்கமாக முதலில் வரும். டாக்டர் எடையைப் பார்த்து எழுதிக் கொடுப்பார், அதைத் தாண்டி ஒரு சொட்டும் கூடாது. ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், மெலாக்சிகாம் நாய்க்கு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அப்புறம் தினம் 0.1. ஜம்புவின் எடைக்கு ஒரு நாளைக்கு 2.2 மில்லிகிராம். மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கிற மாத்திரை 7.5, 15 என்று இருக்கும். “அதே மருந்துதானே” என்று அப்பாவின் முட்டிவலி மாத்திரையில் ஒரு 15-ஐ உள்ளே தள்ளினால் கிட்டத்தட்ட ஏழு நாள் மருந்து ஒரே வேளையில் போகும். சிறுநீரகமும் இரைப்பையும் தாங்காது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கமே போக வேண்டாம். பாரசிட்டமாலையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குக் கொடுக்க 2006-லேயே தடை வந்துவிட்டது. அந்தத் தடை பிணந்தின்னிக் கழுகுகளைக் காப்பாற்ற வந்தது. ஆனால் அதே மருந்தால் ரத்த வாந்தி எடுத்த நாய்களை என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன்.

இந்த வலி மருந்துகள் வெறும் வயிற்றில் கூடாது, தண்ணீர் வற்றிய உடம்பிலும் கூடாது. ஜம்பு ஐந்து நாளாகச் சரியாகக் குடிக்கவில்லை என்றால் முதலில் டிரிப், அப்புறம்தான் மருந்து. மலம் தார் மாதிரி கறுத்தாலோ வாந்தி வந்தாலோ அடுத்த வேளையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். இது ஒன்றே போதாத அளவுக்கு வலி இருந்தால் கூடவே காபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்தைச் சேர்ப்போம், ஆஸ்பத்திரியில் வைத்து ஓபியாய்டு (மார்ஃபின் வகை) ஊசியும் போடுவோம். காபாபென்டினைக் காப்ஸ்யூலாக வாங்குங்கள். மனிதருக்கான திரவ மருந்தில் சில சமயம் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு விஷம்.

இதற்கெல்லாம் மசியாத குட்டிகளுக்கு ஸ்டீராய்டு. வைமரானர்களில் வலி மருந்தைவிட ஸ்டீராய்டுதான் நன்றாகக் கேட்கிறது என்று தெரியவந்திருக்கிறது. மற்ற இனங்களிலும் சில குட்டிகள் ஒரே நாளில் எழுந்து நின்றுவிடும். ஆனால் உள்ளே உண்ணிக் காய்ச்சலோ வேறு தொற்றோ ஒளிந்திருந்தால் ஸ்டீராய்டு அதற்குச் சோறு போட்டு வளர்க்கும். ரத்தப் பரிசோதனை என்று நான் அடித்துச் சொன்னது இதற்குத்தான். இன்னொன்று, மெலாக்சிகாமும் ஸ்டீராய்டும் ஒரே சமயத்தில் உடம்பில் இருக்கவே கூடாது. குடலில் ஓட்டை விழும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற சில நாள் இடைவெளி வேண்டும். நீங்கள் இரண்டு டாக்டரிடம் போயிருக்கிறீர்கள். முதல் டாக்டர் போட்ட ஊசியில் கால்சியத்தோடு வேறு என்ன இருந்தது என்று சீட்டைப் பார்த்து இரண்டாமவரிடம் சொல்லுங்கள். சீட்டில் இல்லையென்றால் போன் போட்டுக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

மருந்தைவிட உங்களைக் கசக்கிப் பிழியப்போவது வீட்டுப் பராமரிப்புதான். ஆஸ்டின் டவுனில் ஒரு பெரியவர், தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இதே வயதில் ஒரு பெண் கிரேட் டேனை இந்த நோயோடு மூன்று வாரம் பார்த்துக்கொண்டார். கூடத்தில் அவருடைய பாயையும் அதன் மெத்தையையும் ஒட்டிப் போட்டுக்கொண்டு படுத்தார். தலைமாட்டில் பேரனின் பழைய கணக்கு நோட்டு. அதில் பென்சிலால், “2.10, 104.2, தண்ணி நக்கிச்சு. 3.05, முனகல். 3.40, முனகல், புரட்டிப் போட்டேன். 5.00, தூங்குது” என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். நான் எழுதச் சொன்னது காய்ச்சலை மட்டும்தான். அவர் முனகலையும் எழுதியதால் ஒன்று பிடிபட்டது. எட்டு நாளும் முனகல் விடிகாலை மூன்று மணியைச் சுற்றியே வந்திருந்தது. காபாபென்டின் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று நான் எழுதியிருக்க, வீட்டில் தூக்கம் கெட வேண்டாமென்று ராத்திரி ஏழுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வேளையைக் காலை ஆறுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். பதினோரு மணி நேரம். “டாக்டரம்மா, நான்தான் முழிச்சிட்டு இருக்கேனே, மூணு மணிக்கே குடுத்துடறேன்” என்றார். மூன்று மணி முனகலும் ஓய்ந்தது. நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள்.

காய்ச்சலை ஆசனவாயில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், நுனியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி. நாய்க்கு 101-இலிருந்து 102.5 வரை சாதாரணம் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். மனிதக் கணக்கில் பார்த்துவிட்டு, குணமான நாய்க்குக் காய்ச்சல் என்று ராத்திரி எனக்குப் போன் வருவது உண்டு.

படுக்கை தடிமனாக இருக்கட்டும். ரெக்ஸின் உறை போட்ட பழைய ஃபோம் மெத்தை, அதன் மேல் பருத்திப் புடவை நாலு மடிப்பு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் போடாவிட்டால் முழங்கையிலும் இடுப்பிலும் புண் வரும். உங்கள் வீட்டில் விட்ரிஃபைட் டைல்ஸ் என்றால் அவன் எழுந்து நடக்கப்போகிற பாதை முழுக்க யோகா பாயோ கோணிச் சாக்கோ விரியுங்கள். வழுக்கி ஒரு தடவை கால் அகன்றால் இரண்டு நாள் முன்னேற்றம் போச்சு. மாடிப்படி கூடவே கூடாது. தூக்கும்போது அக்குளைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை நெஞ்சுக்கு முன்னால், இன்னொரு கை பின்தொடைக்குப் பின்னால், நாய் உங்கள் மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் பெட்ஷீட்டில் கிடத்தித் தூக்குவது இன்னும் நல்லது. ஒன்றுக்குப் போக, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சடியில் ஒரு துண்டைக் கொடுத்து எடையை நீங்கள் தாங்கினால் பின்னங்காலில் நின்று போய்விடுவான். பால்கனியில் ஒரு டிரேயில் மண் போட்டு வைத்தால் கீழே இறக்குகிற வேலையே மிச்சம்.

மாமியாரின் மஞ்சள் பத்து பற்றி. கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் பத்து காய்ந்து இறுகும்போது தோல் இழுக்கும், பிறகு அதைக் கழுவ அந்தக் காலையே தேய்க்க வேண்டும். அவருக்கு ஏதாவது செய்யத் தோன்றினால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துண்டை வீக்கத்தின் மேல் பத்து நிமிடம் சும்மா போட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஜம்பு விட்டால்தான், காலை இழுத்துக்கொண்டால் வற்புறுத்த வேண்டாம். சூட்டு ஒத்தடம், எண்ணெய் தேய்த்து உருவுவது, கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம்.

சாப்பாடு வாடையால்தான் உள்ளே போகும். பெரிய இனக் குட்டிகளுக்கான உணவை வெந்நீரில் ஊறவைத்து, கோழி வேகவைத்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் விழக்கூடாது. ஒரு கரண்டி தயிர்ச்சோறு தின்றால் தின்னட்டும், இந்த வாரம் அதற்கெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டாம். பக்கவாட்டில் படுத்திருக்கும்போது வாயில் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். நெஞ்சின் மேல் நிமிர்த்திப் படுக்கவைத்துக் கொடுங்கள். குணமான பிறகுதான் அளவு முக்கியம். பை வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பி, பெரிய இனங்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்று இருக்கிறதா பாருங்கள். வளர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோ தாண்டும் இனங்களின் குட்டி உணவில் கால்சியம், ஈரம் நீக்கிய கணக்கில், 1.2-இலிருந்து 1.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விலங்குத் தீவனத்துக்குத் தரம் வகுக்கிற அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வகுத்த வரம்பு. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒல்லியாகவே வளருங்கள். ஊரில் கம்பங்களி தின்று வளரும் ராஜபாளையம் குட்டியைப் பார்த்து யாரும் மெலிந்திருக்கிறதே என்று கவலைப்படுவதில்லை. கிரேட் டேன் குட்டி மட்டும் கன்றுக்குட்டி மாதிரி கொழுகொழுவென்று இருக்க வேண்டும் என்று ஏனோ ஆசைப்படுகிறோம்.

தடுப்பூசி அட்டையில் அடுத்த தேதி நெருங்கினால், காய்ச்சல் இருக்கும்வரை ஊசி வேண்டாம். வைமரானர்களில் தடுப்பூசிக்குப் பின் இந்த நோய் தலைகாட்டியதாகப் பதிவுகள் இருப்பதால் பயந்து மொத்தமாகவே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு வைரஸ் நோய்களும் திரிகிற ஊரில் அது தற்கொலை. எந்த ஊசியை எத்தனை வாரம் கழித்து என்று டாக்டரோடு உட்கார்ந்து பேசித் தள்ளிப் போடுங்கள், ரேபீஸ் உட்பட.

இன்னும் பத்து நாளில் ஜம்பு ஓடினால் சந்தோஷத்தில் கப்பன் பார்க்குக்குக் கூட்டிப்போய் அவிழ்த்துவிடாதீர்கள். இந்த நோய் போவது மாதிரி போய்த் திரும்பி வரும். ஒரு வாரம், மூன்று வாரம் நன்றாக இருந்துவிட்டு மறுபடி காய்ச்சல் அடிக்கும். இரண்டாவது தடவை நீங்கள் பதற மாட்டீர்கள், மருந்தும் சீக்கிரம் கிடைக்கும். வளர்ச்சித் தட்டுகள் மூட மூட இது ஓய்ந்துவிடும். அதுவரை கயிற்றில், மண் தரையில், சின்ன நடை. ஐந்தாறு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்து, தட்டு எங்காவது முன்கூட்டியே ஒட்டிக்கொண்டதா, கால் வளைகிறதா என்று பார்க்க வேண்டும். வளைந்தால் சீக்கிரம் பிடிப்பது அறுவை சிகிச்சைக்கு உதவும். அந்தப் படத்துக்கும் எலும்பு நிபுணரின் கருத்துக்கும் பெல்லாரி ரோட்டில் இருக்கிற ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். கூட்டம் இருக்கும், குடிக்கத் தண்ணீரும் விரிக்கத் துணியும் எடுத்துப் போங்கள்.

இதற்கிடையில் எந்த நேரமானாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலைமைகள்: காய்ச்சல் 105-க்கு மேல் போய் இறங்காமல் நிற்பது, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே இறங்காதது, இருமலோடு மூச்சு வேகமாக வாங்குவது, கறுத்த மலம், வலிப்பு. பல்லின் ஈறு வெளுத்திருந்தால் அதுவும்.

நாளைக் காலை இரண்டாவது டாக்டரிடமே போங்கள், மூன்றாவது ஒருவரைத் தேட வேண்டாம். பிளேட்லெட் எண்ணிக்கை, ரத்தப் பூச்சு, டிரிப் தேவையா, ராத்திரி வலிக்கு என்ன என்று நாலையும் கேளுங்கள். கால்சியம் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். இதுவரை எத்தனை மில்லி உள்ளே போயிருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.